மாங்கொட்டையும் திங்கட்கிழமை நாற்றமும்

ஆராய்ச்சி செய்கிறவர்களிடம் இந்த உலகம் இரண்டே கேள்விகள்தான் கேட்கும். பாதி வழியில், "எப்பம்மா முடிப்ப?" முடிக்கிற சமயத்தில், "சரி, இதை யாரு வாங்குவாங்க?" முதல் கேள்விக்கு முறைத்தால் போதும், போய்விடுவார்கள். இரண்டாவதுக்கு, சக பாவிகளே, இப்போதெல்லாம் சீல் குத்தி பதில் கேட்கிறார்கள்.

நான் நுண்ணுயிரியல் ஆய்வு மாணவி. கிருஷ்ணகிரியைச் சுற்றி எத்தனை மாங்கூழ் ஃபேக்டரிகள் என்று உங்களுக்கே தெரியும். சீசன் வந்தால் ஒவ்வொன்றின் முதுகுப் பக்கமும் மாங்கொட்டை மலையாகக் குவியும். அந்தக் கொட்டையை உடைத்து, உள்ளே இருக்கும் பருப்பிலிருந்து ஒரு சாறு எடுத்தேன். சாறு விட்ட தட்டில் பாக்டீரியா வளராது. நான்கு வருஷம், இரண்டு பேப்பர், நிம்மதியாக இருந்தேன். அப்போது வந்தது சுற்றறிக்கை. பல்கலைக்கழகத்தின் தொழில்முனைவு மையத்தில் பெஞ்சு வைத்திருக்கும் ஆய்வாளர்கள், "இந்தப் பொருள் எங்களுக்கு வேண்டும்" என்று ஒரு கம்பெனியிடமாவது கையெழுத்து வாங்கிவர வேண்டும். மூன்று மாதம் கெடு. தவறினால் பெஞ்சைக் காலி செய்ய வேண்டும், ஆய்வின் கடைசிப் பகுதியை வராந்தாவில்தான் முடிக்க வேண்டும். என் பெஞ்சுக்கு ஏற்கெனவே துண்டு போட்டிருந்தவர் கம்ப்யூட்டர் துறைக்காரர், ஏதோ ஆப் செய்கிறார். லேப்டாப் வைக்கிறவருக்கு எதற்குத் தண்ணீர்க் குழாயும் கேஸ் இணைப்பும் உள்ள பெஞ்சு என்று மூன்று பேரிடம் கேட்டேன். மூன்று பேரும் மணி பார்த்தார்கள்.

வலி தேடும் படலம்

முதலில் எங்களுக்கெல்லாம் இரண்டு நாள் பயிற்சி. பெங்களூரிலிருந்து கோட்டு போட்ட ஒருவர் வந்து, "வாடிக்கையாளரின் வலியைத் தேடுங்கள்" என்றார். இருபது பேர் நோட்டைத் திறந்து வலி தேடினோம். எனக்கு வாய் சும்மா இருக்காது. "சார், நாங்க நோயாளி யாருன்னு தெரியாமயே மருந்து செஞ்சு முடிச்சிட்டோம். இதை முதல் வருஷமே சொல்லியிருக்கலாமே, அப்ப ஏன் யாரும் வரலை?" என்று எழுந்து நின்று கேட்டேன். கேள்வி நல்ல கேள்வி என்று பாராட்டிவிட்டு, அடுத்த ஸ்லைடுக்குப் போனார்.

சாயங்காலம் ஒவ்வொருவராக எழுந்து தன் வாடிக்கையாளர் யார் என்று சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் நின்றவர் "விவசாயிகள்" என்றார். அதையே நானும் சொன்னால் காப்பியடித்தது போல் ஆகிவிடும் என்று, கம்பீரமாக, "மக்கள்" என்றேன். கோட்டுக்காரர் என்னை ஒரு நிமிஷம் இரக்கத்தோடு பார்த்தார்.

"மக்கள்னா யாரும்மா? அவங்க போன் நம்பர் இருக்கா?"

குப்பையின் கௌரவம்

குருபரப்பள்ளி தாண்டி ஒரு கூழ் ஃபேக்டரி. நான்கு வருஷமாக அங்கேதான் எனக்குக் கொட்டை. ஸ்கூட்டியில் இரண்டு மூட்டை கட்டிக்கொள்வேன். வாட்ச்மேன் அண்ணன் தானே கயிறு இழுத்துக் கட்டி, "இன்னும் ரெண்டு எடுத்துட்டுப் போம்மா, ஈ மொய்க்குது" என்று கெஞ்சுவார். இவர்களைவிட நல்ல வாடிக்கையாளர் யார் கிடைப்பார் என்று மேனேஜரைப் பார்க்கப் போனேன். பதினைந்து ஸ்லைடு. இந்தக் கொட்டையில் எண்ணெய் இருக்கிறது, மாவு இருக்கிறது, கிருமியைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, அழகுக் க்ரீம் செய்கிறவர்கள்கூட இதைத் தேடுகிறார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். மனிதர் என்னைப் போல அக்கறையான ஆளைப் பார்த்ததே இல்லை என்பது மாதிரி கேட்டார். குறிப்பு எடுத்தார். சில இடங்களில் "திருப்பிச் சொல்லுங்க" என்றார். வெளியே வரும்போது கடிதம் கைக்கு வந்துவிட்டது போலவே நடந்தேன்.

அடுத்த வாரம் மூட்டை எடுக்கப் போனால், கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். கொட்டைக் குவியலுக்குத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. அதுவரை மழையில் நனைந்து கிடந்த கொட்டைக்கு! "சார், நாலு வருஷமா சும்மாதானே குடுத்தீங்க?" என்று மேனேஜரிடம் சண்டைக்கு நின்றேன். அவர் கோபப்படவே இல்லை.

"போன வாரம் வரைக்கும் அது குப்பைம்மா. நீங்கதான வந்து கண்ணத் தெறந்து வெச்சீங்க, இப்ப அது சரக்கு."

ரோஜாவுக்கு டீ

கையில் இருந்தது பழைய இருப்பில் மூன்று கேன் சாறு. அதை வைத்து அடுத்த படையெடுப்பு. ஓசூர் என்றால் ரோஜா. வெட்டிய பூவை நிறுத்தி வைக்கும் தண்ணீரில் பாக்டீரியா சேர்ந்தால் தண்டு அடைத்துக்கொள்ளும், பூ தலை தொங்கும். அந்தத் தண்ணீரில் என் சாறு கொஞ்சம். கணக்கு எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள். பாகலூர் சாலையில் பசுமைக்குடில் வைத்திருக்கும் வெங்கடரெட்டி, "செய்யி தல்லி, செய்யி" என்று பெற்ற மகளிடம் சொல்வது போலத் தெலுங்கு கலந்து சொல்லி ஒரு வாளியைக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்துப் போனேன். மற்ற வாளிகளில் பூ சோர்ந்திருந்தது, என் வாளியில் நிமிர்ந்து நின்றது. அறிவியல் வென்றது என்று போனில் படம் எடுக்கக் குனிந்தேன்.

ரெட்டிகாரு பூவைப் பார்க்கவில்லை. கண்ணாடி ஜாடியில் ஊற்றிக் காட்டச் சொன்னார். ஊற்றினேன். பழுப்பு நிறம். நான்கு வருஷமாக என் கண்ணுக்கு அது 'சாற்றின் இயல்பான நிறம்'. ஆய்வறிக்கையில் ஒரு வரி, அவ்வளவுதான். அவர் ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"பூ பாகுந்தி, நல்லாவே இருக்கு. ஆனா ரிசப்ஷன் மேடையில யாரோ குடிச்சு வெச்ச டீ கிளாஸ்ல ரோஜா நிக்குதுன்னா, பொண்ணு வீட்டுக்காரன் என்னைய வுடுவானா தல்லி?"

பக்கத்துக் கட்டில்

ஒரு மாதம் போய்விட்டது. ஓசூரில் நான் தங்கியிருக்கும் மகளிர் விடுதியில் என் அறைத் தோழி கௌசல்யா. சிங்காரப்பேட்டைக்காரி, உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையில், இரும்பு கடையும் சிஎன்சி மெஷினுக்கு ஆபரேட்டர். காலை ஆறு மணி ஷிஃப்ட் முடித்து மூன்று மணிக்கு வருவாள். அன்று திங்கட்கிழமை. நான் குளியலறையில் துணி ஊறவைத்துவிட்டு, தோல்வியை நினைத்து உட்கார்ந்திருந்தேன். வந்தவள் பையைக்கூட இறக்காமல் கதவைத் தட்டினாள். "வெளிய வாடி, நான் குளிக்கணும். திங்கக்கெழமை கூலன்ட் நாத்தம் ஒடம்புலயே ஒட்டிக்கெடக்குது." நான் உள்ளே இருந்தபடியே, "அதென்ன திங்கக்கிழமைக்குத் தனி நாத்தம்?" என்று சட்டம் பேசினேன்.

அவள் கதவுக்கு வெளியே நின்றே விளக்கினாள். இரும்பை வெட்டும்போது சூடு தணிய ஊற்றுகிற, எண்ணெய் கலந்த பால் வெள்ளைத் தண்ணீர்தான் கூலன்ட். வாரம் முழுக்கச் சுற்றிச் சுற்றி ஓடும். ஞாயிறு மெஷின் நிற்கும், தண்ணீர் தேங்கும். திங்கள் காலை ஸ்விட்சைத் தட்டினால் ஷெட் முழுக்க அழுகின முட்டை. இரண்டு பேருக்குக் கையில் கொப்புளம் வேறு. சோப்புக் கையோடு கதவைத் திறந்து, "அடியே, அது பாக்டீரியாடி! தேங்கின தண்ணியில வளர்ற பாக்டீரியா!" என்று கத்தினேன். அவள் என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போய்த் தாழ் போட்டாள். உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஒரு வருசமா பக்கத்துக் கட்டில்ல நாறிக்கிட்டு கெடக்கறேன், இன்னிக்குத்தான் மோப்பம் புடிச்சியா சைன்டிஸ்ட்டு?"

சாம்பிராணி

அடுத்த திங்கள் காலை அவளோடே பட்டறைக்குப் போனேன். முதலாளி நாகராஜப்பா. வீட்டில் கன்னடம், பட்டறையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். நான் நுழையும்போது சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. ஒவ்வொரு மெஷின் மேலும் கொத்துக் கொத்தாக ஊதுபத்தி. திங்கட்கிழமை, சிவபக்தர் போலிருக்கிறது என்று செருப்பைக் கழற்றிவிட்டுப் பவ்யமாக நின்றேன். பூஜை முடியட்டும் என்று கால் மணி நேரம் காத்திருந்தேன். யாரும் கும்பிடவில்லை. ஊதுபத்திக்கு நடுவே ஒருவர் சாவகாசமாக இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் மூக்கு வேலை செய்தது. புகைக்கு அடியில் அந்த நாற்றம், அடடா, பாடப்புத்தகத்தில் படித்தது அப்படியே! நான் மகிழ்ச்சியோடு மூச்சை இழுத்து இழுத்து விடுவதைப் பார்த்து நாகராஜப்பா பயந்தே போனார். லேப்டாப்பைத் திறந்தேன். கையை நீட்டி மூடினார்.

"படம் பேடம்மா. என் மூக்குதான் எனக்கு மீட்டர். மூணாம் நம்பர் மெஷின்ல ஊத்து, அடுத்த திங்கக்கெழம நான் மோந்து பாக்கறேன்."

மூன்றாம் நம்பர் மெஷின்

நான் சும்மா ஊற்றவில்லை. கடையில் புதுக் கூலன்ட் வாங்கி, ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவையில் விட்டு, பாக்டீரியாவையும் விட்டு, சாற்றையும் விட்டு, மூன்று முறை சோதித்துவிட்டு, சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து மெஷின் நின்ற பிறகுதான் ஊற்றினேன். எல்லாம் சரி. ஒரே ஒரு சின்ன விஷயம். அந்தக் கூலன்ட் தன் வாழ்நாளில் இரும்பைப் பார்த்ததே இல்லை. மாம்பருப்புச் சாற்றில் உள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுத்துப்போகும். ஒரு காலத்தில் எழுதுகிற மையையே இப்படித்தான் காய்ச்சியிருக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல். முனைவர் பட்டத்தின் வாசலில் நிற்கிற எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

திங்கள் காலை மெஷினைப் போட்டார்கள். பால் வெள்ளையாக வர வேண்டியது கருநீலமாகப் பீய்ச்சியடித்தது. வால்வு பாடி செய்யத் தட்டில் அடுக்கியிருந்த இரும்புத் துண்டுகள் எல்லாம் கறுப்பு. கதவுக் கண்ணாடி கறுப்பு. ஆபரேட்டரின் இரண்டு கையும் தேர்தலில் பத்துத் தடவை ஓட்டுப் போட்டது போல் கறுப்பு. கௌசல்யா என்னைத் தெரியாதவள் போலத் தன் ஏழாம் நம்பர் மெஷினுக்குப் பின்னால் போய்விட்டாள். நாகராஜப்பா மட்டும் கடமை தவறாமல் குனிந்து, கண்ணை மூடி, ஆழமாக மோந்து பார்த்தார். பாதித் துண்டுகளைக் குப்பையில் போடச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நாத்தம் ஓயித்து, சுத்தமா ஓயித்து. ஆனா நான் இங்க் பாட்டில் வெச்சு வால்வு பாடி பண்ண முடியாதும்மா."

மீன்தொட்டி வைத்தியம்

மெஷினைக் கழுவ ஒரு நாள் முழுக்க ஆனது. நானும் கழுவினேன், வேறு என்ன செய்வது. டேங்கைச் சுரண்டும்போதுதான் புத்தி வந்தது. இந்த நாற்றப் பாக்டீரியா காற்று இல்லாத இடத்தில் வளர்கிற ஜாதி. காற்று கொடுத்தால் இதற்கு ஆகாது. அப்படியானால் சாறு எதற்கு, சயின்ஸ் எதற்கு? அந்த ஞாயிறு கோவிலில் பூசை முடிந்ததும் நேராகக் கடைவீதிக்குப் போய், மீன்தொட்டியில் குமிழி விடுமே, அந்தச் சின்ன பம்பு ஒன்று வாங்கினேன். பட்டறை வாட்ச்மேனிடம் சொல்லி ஏழாம் நம்பர் மெஷினின் டேங்கில் குழாயை விட்டேன். அடுத்த சனிக்கிழமையிலிருந்து கௌசல்யாவே ஷிஃப்ட் முடிந்ததும் போட்டுவிட்டு வந்தாள். இரண்டு வாரம். ஏழாம் நம்பரில் நாற்றம் இல்லை. ஊதுபத்தியும் இல்லை. நாகராஜப்பா பன்னிரண்டு மெஷினுக்கும் பம்பு வாங்கிவரச் சொன்னார். வலி தெரிந்தது, நோயாளி தெரிந்தது, குணமும் ஆயிற்று. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கடிதம் கேட்டேன். கெடு முடிய மூன்று வாரம்தான் இருந்தது.

அவர் உண்மையாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்.

"மீன்தொட்டி பம்பு கடையில விக்குதும்மா. அதுக்கு நான் எதுக்கு உங்க யுனிவர்சிட்டிக்கு லெட்டர் குடுக்கணும்?"

மழைக்குப் பிறகு

நான் பெஞ்சைக் காலி செய்ய அட்டைப் பெட்டி கட்டத் தொடங்கியிருந்தேன். அன்றைக்குக் கௌசல்யா சாப்பாட்டுப் பையிலிருந்து இரண்டு இரும்புத் துண்டுகளை எடுத்து என் கட்டிலில் போட்டாள். ஒன்று செங்கல் நிறத்தில் துரு. இன்னொன்று கன்னங்கரேல். இரண்டும் பட்டறைக்குப் பின்னால் கழிவுக் குவியலில் ஒரே மழையில் நனைந்தவை. கறுப்பு, அன்றைக்கு என் சாற்றில் குளித்துக் குப்பைக்குப் போனது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். துரு இல்லை. "பார்த்தியா, ஒண்ணும் ஆகல" என்றாள் அவள், நான் செய்த நாசத்தைத் தான் செய்தது போல.

மறுநாள் இரண்டையும் நாகராஜப்பா மேஜையில் வைத்தேன். மழைக்காலத்தில் அவருடைய தள்ளுவண்டி, ரேக்கு, ஸ்டாண்டு எல்லாம் துரு ஏறும். வருஷா வருஷம் சுரண்டிச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பார்களாம். துருப்பிடித்த வண்டி ஒன்றின் பாதியில் சாற்றைத் தடவினேன். துரு கறுத்து, இறுகி, அப்படியே நின்றது. ஒரு வாரம் வெளியே போட்டுப் பார்த்தார். பிறகு லெட்டர்பேடை எடுத்தார். "பன்னிரண்டு மெஷின்லயும் பம்பு ஞாயித்துக்கிழமை ஓடும், மாசம் ஒருக்கா டேங்கு கழுவுவோம்னு ஒத்துக்கிட்டாத்தான் சாறு" என்று நானும் பிடிவாதம் பிடித்தேன். "ஆய்த்து, ஆய்த்து" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு என்னையே திட்டினார்: "இத முதல்லயே சொல்லக் கூடாதாம்மா? நாத்தத்துக்கு ஊதுபத்தி இருக்கு, துருவுக்கு என்ன இருக்கு?" ஆள் கையில் கொப்புளம் வந்தால் ஊதுபத்தி, இரும்பில் கொப்புளம் வந்தால் ஆராய்ச்சி! விடுதிக்கு வந்து குதித்தேன். கௌசல்யா தலைகூட நிமிர்த்தாமல் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க மூக்குக்கு மீன்தொட்டி, அவரு தள்ளுவண்டிக்கு சயின்ஸு. லெட்டர் வந்துச்சா இல்லியா, அதச் சொல்லு."

எல்லைத் தகராறு

கடிதத்தைக் கொண்டுபோய் என் கைடிடம் நீட்டினேன். நல்ல மனிதர், ஆனால் எதையும் இரண்டு தடவை படிப்பார். முதல் தடவை சிரித்தார். இரண்டாம் தடவை முகம் மாறியது. என் ஆய்வின் தலைப்பு பாக்டீரியா. கடிதம் முழுக்கத் துரு. "சார், ஒரே சாறுதானே? பாக்டீரியாவைத் தடுக்கிற அதே பொருள்தான் துருவையும் பிடிக்குது" என்று முக்கால் மணி நேரம் வாதாடினேன். கரும்பலகையில் வரைந்துகூடக் காட்டினேன். வேதியியல் ரீதியாக அவருக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. எழுந்து கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"துரு நம்ம டிபார்ட்மென்ட்ல வராதும்மா. மாடியில கெமிஸ்ட்ரிக்காரங்க சண்டைக்கு வருவாங்க."

கமிட்டி

கெடு முடிகிற நாள். நீள மேஜைக்கு அந்தப் பக்கம் நான்கு பேர். நடுவில் தலைவர் அம்மா, மூக்கின் நுனியில் கண்ணாடி. கடிதத்தை வாங்கி, கையெழுத்தைப் பார்த்து, சீலைப் பார்த்து, "இந்த வாய்ப்பை எப்படிக் கண்டுபிடிச்சீங்க? என்ன முறை?" என்றார். என் பக்கத்தில் கைடு தொண்டையைச் செருமினார். கள ஆய்வு, சந்தைப் பகுப்பாய்வு என்று ஸ்லைடில் அழகாக எழுதித்தான் வைத்திருந்தேன். ஆனால் நான்கு மாதிரி அவமானம் பட்டு வந்தவளுக்கு அந்த நேரத்தில் பொய் வரவில்லை. "மேடம், நாத்தத்தைப் போக்கப் போய் ஒருத்தர் மெஷினைக் கெடுத்தேன். அந்தக் குப்பையில ஒரு துண்டு துருப்பிடிக்கலை. அதைப் பார்த்தது நான்கூட இல்ல, அங்க வேலை பார்க்கிற கௌசல்யா. பேரை எழுதிக்குங்க" என்றேன்.

கைடு கண்ணை மூடிக்கொண்டார். தலைவர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "நாத்தம் என்னாச்சு?" "அது போயிடுச்சு மேடம், மீன்தொட்டி பம்புல." அவர் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தது எனக்கு நன்றாகவே தெரிந்தது. பெஞ்சுப் பட்டியலில் என் பேருக்கு நேரே ஒரு வருஷம் என்று எழுதி, பக்கத்து உறுப்பினரிடம் தள்ளினார்.

"கௌசல்யா பேரு இருக்கட்டும். 'மெஷினைக் கெடுத்தேன்'ங்கறதை மட்டும் 'தொழிற்சாலைச் சூழலில் செயல்முறைச் சோதனை'ன்னு மாத்தி எழுதிக் குடுங்க."

விஞ்ஞானி தன் ஆராய்ச்சிக்குள் தொழில் வாய்ப்பைக் காணக் கூரிய பார்வை வேண்டும் என்று யாராவது உங்களுக்கு வகுப்பெடுத்தால் தலையாட்டிவிட்டு வாருங்கள், எனக்குத் தெரிந்தவரை அதற்கு வேண்டியது, நாசம் செய்துவிட்டு வந்த பட்டறை வாசலில் மறுநாள் காலையும் போய் நிற்கிற வெட்கங்கெட்ட முகம் ஒன்றுதான்.